காற்புள்ளி, கட்டம், கூலி: ஒரு வடிவமாற்றத்தின் வரலாறு

1

கணிப்பொறியைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள்தாம் புழங்குகின்றன. கணிப்பொறி வந்தால் வேலை போய்விடும் என்பது ஒன்று. 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் இயந்திரமயமாக்கல் குறித்து நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டதற்கு முன்னும் பின்னும் இந்தப் பேச்சு உரத்துக் கேட்டது. கணிப்பொறி வந்தால் எல்லாம் 'வெளிப்படை' ஆகிவிடும், லஞ்சம் ஒழிந்துவிடும் என்பது இன்னொன்று. 1990களுக்குப் பிறகு அரசும் தன்னார்வக் குழுக்களும் சேர்ந்து பாடிய பாட்டு அது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. இரண்டுமே கணிப்பொறி என்பதை ஒற்றைப் பொருளாகப் பார்க்கின்றன. நடைமுறையில் நாம் எதிர்கொள்வது ஒரு கணிப்பொறியை அல்ல, பல கணிப்பொறிகளை. ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்குமா, படித்தால் எப்படிப் படிக்கும், படிக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு என்கிற இடத்தில்தான் அதிகாரம் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. எக்செல் போன்ற விரிதாளில் உள்ளதைக் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றுவது, அவ்வளவுதான். 'சி.எஸ்.வி.' என்று ஆபீஸ்களில் சொல்வார்கள். "இதுல என்னாங்க தியரி இருக்கு? சேவ் ஆஸ் குடுத்தா முடிஞ்சிது" என்று எந்த டைம் ஆபீஸ் குமாஸ்தாவும் சிரிப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல்களையும் வைப்புநிதிக் கணக்குகளையும் ஒப்புநோக்கும் வேலையில் பல ஆண்டுகளாக உடனிருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது. முடிந்தது என்று அவர் சொல்கிற இடத்தில்தான் தொழிலாளிக்குப் பிரச்சினை ஆரம்பிக்கிறது என்பதே இங்கே நான் வைக்க விரும்பும் வாதம்.

2

கணக்கை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதி அந்த ஜாகீருக்குள் அடங்கும். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதித் தந்த விவரங்கள் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்டு அட்டவணைகளாயின. ஓலையில் நிலமும் விளைச்சலும் பங்கும் மானியமும் மாவிலும் காணியிலும் முந்திரியிலும் எழுதப்பட்டிருந்தன. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்கள் ஊருக்குள் நிலவிய பங்கு உறவுகளின் மொழி. ஆங்கில அட்டவணைக்கு உறவு தேவைப்படவில்லை, தொகை தேவைப்பட்டது.

ஓலைக் கணக்கு ஏதோ ஜனநாயகப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஓரிருவர். கர்ணத்தின் அதிகாரம் அவரிடம் இருந்த நிலத்திலிருந்து மட்டும் வந்ததல்ல. அவர் எழுதுவதை வேறு யாராலும் சரிபார்க்க முடியாது என்பதிலிருந்தும் வந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பரம்பரை ஆதிக்கத்தின் முதுகெலும்பை உடைத்த நடவடிக்கை என்று அதைச் சொல்லலாம். ஆனால் கணக்கு வடிவத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் கணக்கில் பெயராக இருப்பவருக்கும் இடையிலான உறவை ஒரு அவசரச் சட்டம் ஒழித்துவிட முடியுமா? கர்ணத்தின் இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு திரை வந்து உட்கார்ந்தது.

3

திரையில் முதலில் வந்தது விசிகால்க். டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் 1979இல் ஆப்பிள்-2 கணிப்பொறிக்காக எழுதிய நிரல் அது. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் மெக்கின்டாஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் எக்செல் வந்தது. இவை எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே. கட்டத்துக்குள் எண்ணை மட்டும் எழுதலாம் என்றில்லை, உறவையும் எழுதலாம். 'இந்தக் கட்டத்தை அந்தக் கட்டத்தால் பெருக்கு' என்று எழுதிவிட்டால் ஒன்று மாறும்போது மற்றது தானாக மாறும். கணக்குப் புத்தகம் அறியாத விஷயம் இது. சூத்திரம் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும், விடை முன்னால் தெரியும்.

காற்புள்ளியோ விரிதாளைவிட மூத்தது. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளின் ஃபோர்ட்ரான் மொழி 1972 வாக்கிலேயே காற்புள்ளியால் பிரித்த எண்களை வரிசையாகப் படித்தது. துளை அட்டையில் ஒவ்வொரு எண்ணும் இத்தனாவது பத்தியில்தான் தொடங்க வேண்டும், ஒரு பத்தி தள்ளிப் போனால் எல்லாம் குழப்பம். நடுவே ஒரு காற்புள்ளி போதும் என்றானபோது அந்தக் கெடுபிடி தளர்ந்தது. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விரிதாளுக்குத் தனி வடிவம் வைத்துக்கொண்டு மற்றவர் படிக்க முடியாதபடி வேலி கட்டியபோது, எல்லாருக்கும் பொதுவான வழியாக இந்த ஏழை வடிவமே மிஞ்சியது. இதற்கு அதிகாரபூர்வத் தரநிலை என்று நெடுங்காலம் எதுவும் கிடையாது. 2005 அக்டோபரில்தான் இணையப் பொறியியல் பணிக்குழு ஆர்.எஃப்.சி. 4180 என்ற குறிப்பை வெளியிட்டு, நடைமுறையில் இருந்ததை எழுத்தில் வைத்தது. அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒவ்வொரு நிரலும் தனக்குத் தோன்றியபடி காற்புள்ளியைப் புரிந்துகொண்டிருந்தது.

மாற்றத்தின்போது நடப்பது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எக்செல் விரிதாளைக் காற்புள்ளிக் கோப்பாக்கும்போது திறந்திருக்கும் ஒரே ஒரு தாள் மட்டும் போகிறது, மற்றத் தாள்கள் நின்றுவிடுகின்றன. சூத்திரங்கள் போகின்றன, விடைகள் மிஞ்சுகின்றன. அந்த விடைகளும் கட்டத்துக்குள் உள்ளபடி எழுதப்படுவதில்லை, கண்ணுக்குத் தெரிகிறபடி எழுதப்படுகின்றன. இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம். நாள் கூலி 480 ரூபாய், எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் மணிக்கு 60 ரூபாய். மாதத்தில் 40 மணி நேரம் ஓ.டி. பார்த்தவருக்கு, 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி இரட்டிப்பு விகிதத்தில் 4800 ரூபாய் சேர வேண்டும். ஒப்பந்தக்காரரின் விரிதாளில் ஓ.டி. கட்டத்தின் பின்னால் 'மணி பெருக்கல் 60' என்று சூத்திரம் இருக்கிறது என்று வையுங்கள். கட்டத்தில் 2400 தெரியும். விரிதாளாக அது நம் கையில் கிடைத்தால், சூத்திரத்தைத் தொட்டுப் பார்த்து, சட்டம் சொன்ன 'பெருக்கல் இரண்டு' எங்கே என்று கேட்கலாம். காற்புள்ளிக் கோப்பாகக் கிடைத்தால் 2400 என்ற எண் மட்டும் இருக்கும். அது ஏதோ இயற்கையில் விளைந்த எண் போல நிற்கும். சுரண்டல் என்பது ஒரு உறவு என்று மார்க்சியம் படித்த நமக்குத் தெரியும். இங்கே உறவு சூத்திரத்தில் இருக்கிறது, கோப்பு மாறும்போது உறவு உதிர்ந்து பொருள் மட்டும் நிற்கிறது.

அப்படியானால் காற்புள்ளிக் கோப்பு வேண்டாம், விரிதாள்தான் வேண்டும் என்று கேட்டுவிடலாமா? அவ்வளவு எளிதல்ல. மணி என்ற பத்தியும் கூலி விகிதம் என்ற பத்தியும் ஓ.டி. தொகை என்ற பத்தியும் ஒரே காற்புள்ளிக் கோப்பில் இருந்தால், மறைந்த சூத்திரத்தை நாமே திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். முந்நூறு பேருக்கும் ஒரே நொடியில் கண்டுபிடிக்கலாம். எதிர்த்தரப்பு அஞ்சுவது இதைத்தான். எனவே நமக்கு வருவது பெரும்பாலும் விரிதாளும் அல்ல, காற்புள்ளிக் கோப்பும் அல்ல. அச்சிட்ட தாளை மறுபடி படமெடுத்த ஒரு பி.டி.எஃப். கண்ணுக்குத் தெரியும், கணக்குக்கு வராது.

4

'வெவ்வேறு கணிப்பொறிகள்' என்று சொன்னேன். வித்தியாசம் எதில் என்பதை இனிப் பார்க்கலாம்.

வரி முடிவதைக் குறிக்க டாஸும் விண்டோஸும் இரண்டு குறிகளை வைத்தன, யூனிக்ஸ் ஒன்றை வைத்தது, பழைய மெக்கின்டாஷ் வேறொன்றை வைத்தது. 1990களில் சென்னை டி.டி.பி. மையங்களில் மெக்கின்டாஷில் தயாரான பட்டியலை ஆலையின் டாஸ் கணிப்பொறியில் திறந்தால் அத்தனை பேரும் ஒரே வரியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். எக்செல் விண்டோஸில் நாள்களை 1900இலிருந்து எண்ணியது, பழைய மெக்கின்டாஷில் 1904இலிருந்து எண்ணியது. நாள் வெறும் எண்ணாக ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் 1462 நாள் வித்தியாசம் விழும். ஒருவருடைய வேலையில் சேர்ந்த தேதி நான்கு ஆண்டு முன்னே பின்னே போக இவ்வளவு போதும்.

காற்புள்ளியே எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் பதின்மப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி எழுதுகிறார்கள். அதனால் அங்கே விண்டோஸ் அமைப்பில் பிரிப்பான் அரைப்புள்ளி. நம் ஊரிலோ லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம், ஒரு தொகைக்குள்ளேயே இரண்டு காற்புள்ளிகள். கட்டத்தில் அப்படித் தெரிந்தால் கோப்பிலும் அப்படியேதான் போகும். எக்செல் அதற்கு மேற்கோள் குறி போட்டுப் பாதுகாக்கும். மேற்கோள் குறியை மதிக்காத எளிய நிரல் ஒன்று அடுத்த கணிப்பொறியில் இருந்தால் ஒரு லட்சம் மூன்று துண்டாகும்.

தமிழுக்கு வருவோம். காற்புள்ளி நம் எழுத்தில் பிறந்ததல்ல. ஓலையில் அது கிடையாது. மெய்யெழுத்துக்கு வைக்க வேண்டிய புள்ளியைக்கூட ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அச்சோடு வந்தவை இந்த நிறுத்தக் குறிகள். ஆனால் கணிப்பொறிக்குள் தமிழ் நுழைந்தபோது நடந்த கூத்து வேறு. பாமினி என்ற எழுத்துருவை அறியாத பழைய டி.டி.பி. ஆள் இருக்க முடியாது. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் இங்கேயும் பரவியிருந்தது. அது தமிழை ஆங்கிலக் குறிகளின் இடங்களில் உட்கார வைத்த எழுத்துரு. கணிப்பொறியைப் பொறுத்தவரை நாம் தட்டியது ஆங்கிலக் குறிகளே, தமிழ் என்பது மேலே போர்த்திய தோல். அந்தப் பாமினியில் 'இ' என்ற எழுத்து உட்கார்ந்திருந்தது காற்புள்ளியின் இடத்தில். மெய்யெழுத்துப் புள்ளி உட்கார்ந்திருந்தது அரைப்புள்ளியின் இடத்தில்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். டோக்கன் எண் 47, பெயர் இளங்கோ, வேலை நாள் 26, கூலி 7800 என்று ஒரு வரி. இதைப் பாமினியில் தட்டிக் காற்புள்ளிக் கோப்பாக்கி, மேற்கோள் குறி அறியாத நிரலுக்குக் கொடுத்தால் 'இ'யை அது பிரிப்பான் என்று எடுத்துக்கொள்ளும். பெயர்ப் பத்தி காலியாகும். வேலை நாள் பத்தியில் 'ளங்கோ' நிற்கும். கூலிப் பத்தியில் 26 வந்து விழும். இந்திராவுக்கும் இசக்கிக்கும் இதே கதி. தனித்தமிழ் உணர்வின் பயனாக ராமசாமி இராமசாமி ஆனார் அல்லவா, அவர் சேர்த்துக்கொண்ட அந்த 'இ'யே அவருடைய வரிசையை உடைக்கும். பிரிப்பான் அரைப்புள்ளியாக உள்ள ஐரோப்பிய நாட்டுக் கணிப்பொறிக்கு அதே கோப்பு அங்குள்ள முறைப்படி போனால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஒரு வேலி. ஐந்து மெய் உள்ள பெயர் ஆறு துண்டாகும். உயிரையும் மெய்யையும் பற்றி நாம் எழுதிக் குவித்த மொழிப் பெருமைகளுக்கு நடுவே, ஒரு உயிரும் எல்லா மெய்யும் அயல்குறியின் நாற்காலியில் இரவல் உட்கார்ந்திருந்த வரலாறு இது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டேப் என்ற குறியேற்றங்கள் வந்தன. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பியவர்களில் பலர் எக்செலில் யூனிகோட் தமிழில் பட்டியல் தட்டி, காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்து, மறுநாள் திறந்து பார்த்தார்கள். பெயர்கள் இருந்த இடத்தில் ?????? என்று கேள்விக்குறிகள். காரணம் இது. எக்செலின் சாதாரணக் காற்புள்ளிச் சேமிப்பு விண்டோஸின் பழைய எட்டு பிட் குறியேற்றப் பக்கங்களைப் பயன்படுத்தியது. ரஷ்ய மொழிக்கு அப்படி ஒரு பக்கம் உண்டு. அரபுக்கு உண்டு, ஹீப்ருவுக்கு உண்டு, தாய் மொழிக்கும் வியத்நாமுக்கும் உண்டு. தமிழுக்கு, பொதுவாக இந்திய மொழிகளுக்கு, மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு பக்கமே ஒதுக்கவில்லை. நேராக யூனிகோடில் வாருங்கள் என்றது. ஆனால் தன் காற்புள்ளிக் கோப்பை யூனிகோடுக்கு உடனே கொண்டுவரவில்லை. 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்ற தெரிவு எக்செல் 2016 காலத்தில்தான் வந்தது. கதவு தமிழுக்குத் திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியைக் கட்ட மறந்த வீடு.

மாற்று வழி இல்லாமலில்லை. 2000களின் இரண்டாம் பாதியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாறியது. ஓபன் ஆபிஸும் அதன் வழிவந்த லிப்ரே ஆபிஸும் காற்புள்ளிக் கோப்பைத் திறக்கும் முன் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். குறியேற்றம் என்ன? பிரிப்பான் எது? இந்தப் பத்தி எண்ணா, எழுத்தா, தேதியா? எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் கேட்காது, தானே முடிவு செய்யும். பயனருக்கு எளிமை என்று இதைச் சொல்வார்கள். நமக்காக முடிவெடுக்கிற எளிமையை வாழ்க்கையின் மற்ற துறைகளில் நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்?

5

தானே முடிவு செய்வதன் விலை கும்மிடிப்பூண்டியில் எப்படி விழுகிறது என்று சொல்கிறேன். 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்து உருவானது திருவள்ளூர் மாவட்டம். அதன் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட். உருக்கு ஆலைகள், உருட்டு ஆலைகள், ரசாயன ஆலைகள். சுற்று வட்டார ஊர்க்காரர்கள், ஈழ அகதி முகாம்காரர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் என்று வேலையாள்கள் கலந்திருக்கிறார்கள். ஆலை ஒன்றாக இருக்கும், ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார். ஒப்பந்தக்காரர் மாறினால் பட்டியல் மாறும், பட்டியலைத் தட்டுகிற கணிப்பொறி மாறும்.

2014 வரை ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் தொழிலாளிக்குப் புதிய வைப்புநிதி எண் விழுந்தது. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு சேவை வேண்டும். ஒரே உலைக்கு முன்னால் பதினைந்து வருஷம் நின்றவர், நான்கு எண்களில் நான்கு துண்டாகக் கிடப்பார், துண்டுகளை இணைக்காவிட்டால் எந்தத் துண்டும் பத்தைத் தொடாது. 2014இல் யூ.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்கப் பொது எண் வந்தது. நல்லதுதான். ஆனால் எக்செலின் பொது வடிவக் கட்டத்தில் பதினோரு இலக்கம்வரைதான் எண் எண்ணாகத் தெரியும். பன்னிரண்டாவது வந்ததும் 1.01ஈ+11 என்று சுருக்கிக்கொள்ளும். கட்டத்துக்குள் முழு எண் பத்திரமாக இருக்கும். ஆனால் காற்புள்ளிக் கோப்புக்குப் போவது தெரிகிற எண்தான் என்று முன்னே சொன்னேன். ஆகவே கோப்பில் முந்நூறு தொழிலாளிக்கும் ஒரே எண், 1.01ஈ+11. பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண் என்றால் கட்டத்துக்குள்ளேயே பாதுகாப்பில்லை. பதினைந்து இலக்கத்துக்கு மேல் எக்செல் துல்லியம் காக்காது, பதினாறாவது இலக்கம் பூச்சியமாகும். பூச்சியத்தில் தொடங்கும் கணக்கு எண்ணுக்கோ முன்பூச்சியமே போய்விடும். எண் என்று நாம் அழைப்பவை எல்லாம் எண் அல்ல. டோக்கன் நம்பரைக் கூட்டிப் பெருக்கி யாரும் விடை காண்பதில்லை. அது பெயர். பெயரை எண்ணாக நடத்துவதன் விளைவு இது.

தேதி இன்னும் நுட்பமானது. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸ் மாதம், நாள், ஆண்டு என்று படிக்கும். 25/03/1978 என்றால் 25ஆவது மாதம் இல்லை என்பதால் அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். 05/06/1974 என்றால் சந்தோஷமாக மே 6 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டில் இப்படி இரு பொருள் படும் தேதிகள் 144. அவற்றில் 01/01, 02/02 போன்ற பன்னிரண்டு தீங்கில்லாதவை. மீதி 132 தேதிகள் ஓசையில்லாமல் மாறும். எங்கள் பகுதியில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. ஜூனில் ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக மே, ஜூன் மாதத் தொடக்கத்தில் ஏதாவது ஒரு நாளைப் போட்டுவிடுவார். பொறியில் சிக்குகிற தேதிகளும் அவைதான்.

2021இல் ஆதாரோடு இணைக்கப்படாத யூ.ஏ.என்.களுக்கு மாதக் கணக்கே ஏற்க முடியாது என்று ஆனபோது இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே மிதந்தன. ஒரு உருட்டு ஆலைத் தொழிலாளி என்னிடம் கேட்டார்: "ஆதார்ல ஒரு தேதி, பி.எஃப்.ல ஒரு தேதின்றாங்கண்ணா. நான் இன்னா ரெண்டு வாட்டியா பொறந்தேன்?" சிரிக்க வைக்கிற கேள்விதான். ஆனால் அப்போது திருத்தம் செய்ய முதலாளியின் கையெழுத்து வேண்டியிருந்தது, அந்த ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டே போயிருப்பார். பிழை செய்தது ஒரு கணிப்பொறியின் மொழி அமைப்பு, நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. இ.எஸ்.ஐ.யிலும் இப்படித்தான். நோய்க்கால உதவி பெற ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கணக்கில் இருக்க வேண்டும். வேலை நாள் பத்தி ஒரு மாதம் இடம் மாறி விழுந்தால் 26 நாள் போச்சு, விளிம்பில் நிற்பவர் 78ஐத் தொட முடியாது. உடம்பு சுட்டெரிக்கிறபோது படுக்கையில் கிடப்பவனிடம் "சிஸ்டத்துல இல்லப்பா" என்பார்கள்.

இதை வெறும் மூன்றாம் உலகக் குளறுபடி என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர், அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுகள் கணக்கிலிருந்து விடுபட்டன. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய காற்புள்ளிக் கோப்புகளை 65,536 வரிகளுக்கு மேல் தாங்காத பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதே காரணம். அதே ஆண்டு மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்-1, செப்ட்-1 என்ற பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது, அதனால் பெயர்களைத் திருத்திக்கொண்டார்கள். விஞ்ஞானிகளுக்குப் பெயரை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் இருந்தது. நம் ஆளுக்குப் பிறந்த தேதியை மாற்றிக்கொள்ள அதிகாரம் இருக்கவில்லை.

6

அரசுக்குக் காற்புள்ளியின் குறைகள் தெரியாதா? நன்றாகவே தெரியும். 2012இல் வைப்புநிதி நிறுவனம் முதலாளிகளிடம் மாதக் கணக்கை எழுத்துக் கோப்பாக மின்வழியே கேட்கத் தொடங்கியது. அதில் புலங்களுக்கு நடுவே வைக்கும்படி சொன்ன குறி #~#. வருமான வரிப் பிடித்தக் கோப்பில் பிரிப்பான் ^. பெயரிலோ தொகையிலோ தற்செயலாக வந்துவிட முடியாத குறிகள் இவை. பணத்தையும் ஆளையும் தான் துல்லியமாகப் படிக்க வேண்டும் என்கிறபோது அரசு எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் அதே கணக்கை நாம் கேட்கும்போது கோணலாக ஸ்கேன் செய்த பக்கங்கள் வருகின்றன. மேலே போகும் வழி இயந்திரம் படிக்கிற வழி. கீழே வரும் வழி கண் மட்டும் படிக்கிற வழி. இந்தச் சமமின்மையைத்தான் 'வெளிப்படை' என்ற சொல்லாடல் மூடி மறைக்கிறது.

சட்டத்தில் நமக்கு இடம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, தகவல் உரிமை என்பதில் நெகிழ்வட்டு, நாடா அல்லது வேறு எந்த மின்னணு வடிவிலும் தகவலைப் பெறுவதும் அடங்கும் என்கிறது. 7(9) பிரிவு, கேட்ட வடிவத்திலேயே சாதாரணமாகத் தர வேண்டும் என்கிறது. அலுவலகத்தின் ஆதாரங்களை அளவுக்கு மீறித் திசைதிருப்பினாலோ ஆவணத்துக்குக் கேடு வந்தாலோ மட்டும் விலக்கு. 2012ஆம் ஆண்டுத் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, இயந்திரம் படிக்கிற வடிவத்தை வலியுறுத்தியது. ஒரு அலுவலகத்தில் நான் இப்படிக் கேட்டபோது, கணிப்பொறியில் இருந்ததை அச்சடித்து, அச்சை நகலெடுத்து, நகலை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். ஆதாரங்களைத் திசைதிருப்பியது யார்?

மறுபக்கத்தையும் பேச வேண்டும். 2023ஆம் ஆண்டு வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு விரிதாளாகப் பதில் தந்தது. அதில் மறைந்திருந்த ஒரு தாளில் ஏறத்தாழ பத்தாயிரம் ஊழியர்களின் விவரம் வெளியே போய்விட்டது. காற்புள்ளிக் கோப்பில் மறைவிடம் இல்லை. ஒரே தாள், உள்ளது உள்ளபடி. அதனால் அதைத் தருபவரும் சரிபார்த்துத் தரலாம். அதே சமயம் தொழிலாளியின் ஆதார் எண்ணும் வங்கி எண்ணும் ஒரு பென்டிரைவில் எல்லாருடைய சட்டைப் பையிலும் சுற்றுவது விடுதலை அல்ல. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் விலக்கை விரிவாக்கித் திருத்தியது. சம்பளப் பட்டியல் கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று கதவடைக்க இது வசதி. இதற்கும் பதில் வடிவத்தில்தான் இருக்கிறது. பெயர், ஆதார், வங்கி ஆகிய மூன்று பத்திகளை நீக்கிவிட்டு, வரிசை எண், வேலை நாள், ஓ.டி. மணி, கூலி விகிதம், பிடித்தம், கொடுத்த தொகை ஆகியவற்றை மட்டும் தாருங்கள் என்று கேட்கலாம். பத்திகளாகப் பிரிந்த கோப்பில் பத்தியை நீக்க ஒரு நிமிஷம் போதும். ஸ்கேன் படத்தில்தான் கறுப்பு மை பூசிக்கொண்டிருக்க வேண்டும்.

என் முன்மொழிவுகள் இவை. தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு கணக்கின் வடிவத்தையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பட்டியலை யூ.டி.எஃப்-8 காற்புள்ளிக் கோப்பாக, மூலப் பத்திகளோடு, தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் குழப்பம் வராது. சூத்திரம் என்ன என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். யூ.ஏ.என்., வங்கி எண், டோக்கன் எண் மூன்றும் எழுத்தாகவே நடத்தப்பட வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒருவராவது கோப்பை இருமுறை சொடுக்காமல், கேள்வி கேட்கும் மென்பொருளில் திறக்கப் பழக வேண்டும். கையில் வரும் மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் குமாஸ்தா வேலை தோழர், அரசியல் இல்லை" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஓ.டி.க்கு இரட்டிப்பு விகிதம் என்பது அவற்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது கொடுக்கப்பட்டதா என்று எந்தக் கோப்பை வைத்து, எந்தக் கணிப்பொறியில், யார் சரிபார்ப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும். விவாதிப்போம்.